உஷார்! ‘அந்த அங்கிள் வேணாம்மா’ என்று பிள்ளை சொன்னால்...

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டும், சாயங்காலம் நாலு மணி ஆனால் சரியாக வயிறு வலிக்கிறது, ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்கு. ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, “ஒண்ணும் இல்லையே” என்று சொல்லிவிட்டார். “டியூஷனுக்கு மட்டம் போட நடிக்கிறா” என்கிறார் அப்பா. “கண்ணு பட்டிருக்கு” என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார் பாட்டி. ஒரு நாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பிள்ளை சொல்கிறாள்: “அந்த அங்கிள் வேணாம்மா. அவர் நல்லவர் இல்ல.” அம்மா குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே, “பெரியவங்களை அப்படிப் பேசக் கூடாது. நேரமாச்சு, கிளம்பு” என்கிறாள்.

பிள்ளை சொல்லிவிட்டது. வீட்டில் மூன்று பெரியவர்கள் இருந்தும் ஒருவர் காதிலும் விழவில்லை.

பெயரும் ஊரும் போட்டுச் சொல்ல இது ஒரு வீட்டின் கதை இல்லை. பல வீடுகளில் துண்டு துண்டாக நடப்பதை ஒன்றாக்கிச் சொன்னதுதான். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை என்றதும், தெருமுனையில் மிட்டாயோடு நிற்கும் பிள்ளை பிடிக்கிறவனைத்தான் நாம் தேடுகிறோம். அவன் வருவதற்கு வாய்ப்பு குறைவு. வருகிறவன் செருப்பை வாசலில் விட்டு, “அக்கா, காபி இருக்கா?” என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறான்.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

சென்னையில் இயங்கும் ‘துளிர்’ அமைப்பு 2006-ல் நகரத்தின் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் ஆய்வு நடத்தியது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 42 சதவீதம். பெண் பிள்ளைகளில் 39 சதவீதம். ஆண் பிள்ளைகளில் 48 சதவீதம். அடுத்த ஆண்டு, மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து வெளியிட்ட அறிக்கையிலும் அதே அதிர்ச்சிதான். 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவே இல்லை.

பயணத்தில் நடக்கும் சீண்டல், ஆபாசப் படம் காட்டுவது என எல்லா வகையும் அமைச்சகத்தின் ஆய்வில் அடக்கம். அப்போதும் செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். மிகக் கொடிய குற்றங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் கணக்கு இன்னும் கசக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ல் நாடு முழுவதும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் பதிவான வழக்குகள் 53,874. அவற்றில் வன்புணர்வு வழக்குகளில் ஏறத்தாழ 96 சதவீதத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், பாடம் சொல்லிக் கொடுப்பவர், ‘லவ் பண்றேன்’ என்று பின்னால் வருகிறவன்.

இவை போலீஸ் வரைக்கும் வந்தவை. வாய் திறக்காதவர்களின் கணக்கு எந்தக் காப்பகத்திலும் இல்லை.

முதலில் மடங்குவது நாம்தான்

குழந்தையை நெருங்க நினைப்பவன் முதலில் வீட்டுப் பெரியவர்களை வளைக்கிறான். கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைப்பான். பாட்டிக்கு மாத்திரை வாங்கி வருவான். “நீங்க ஏன் அலையறீங்க, பாப்பாவை நான் ஸ்கூல்ல விட்டுடறேன்” என்பான். தங்கமான மனுஷன் என்ற பட்டத்தை நாமே கொடுத்துவிடுவோம். அந்தப் பட்டம்தான் பின்னால் அவனுக்குக் கேடயம்.

பிறகு பிள்ளையோடு தனியாக ஒரு சிநேகம். போனில் கேம் விளையாடக் கொடுப்பான். மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத சாக்லேட் இந்தப் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும். “அம்மாகிட்டச் சொல்லாதே” என்று ஒரு சின்ன ரகசியத்தை வைத்துப் பார்ப்பான். பிள்ளை அதைக் காப்பாற்றினால் அடுத்தது பெரிய ரகசியம். கிச்சுகிச்சு மூட்டுவது, மடியில் உட்கார வைப்பது என்று விளையாட்டாகத் தொடங்கி எல்லை மெல்ல மெல்லத் தாண்டப்படும். பிள்ளைக்கு ஏதோ தப்பு என்று உறைக்கும்போது, “நீயும்தானே சாக்லேட் வாங்கிக்கிட்டே? சொன்னா உன்னைத்தான் அடிப்பாங்க” என்று பழி அதன் தலையிலேயே விழும். கத்தியோ கயிறோ தேவைப்படுவதில்லை. பயமும் வெட்கமும் போதும்.

2018-ல் வெளிவந்த சென்னை அயனாவரம் வழக்கை மறந்திருக்க மாட்டோம். கேட், காவலாளி, லிஃப்ட் என எல்லாப் பாதுகாப்பும் உள்ள அடுக்குமாடி வளாகம். அங்கே செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமி மாதக்கணக்கில் வன்கொடுமைக்கு ஆளானாள். கைதான 17 பேரில் காவலாளியும் லிஃப்ட் இயக்குபவரும் பிளம்பரும் இருந்தார்கள். அத்தனை வீடுகளும் தினமும் பார்த்துப் பழகிய முகங்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. விஷயம் வெளியே வந்தது, அந்தக் குழந்தை தன் அக்காவிடம் சொன்னதால். கேட்பதற்கு ஒருத்தி இருந்தாள் என்பதே அந்த வழக்கின் தொடக்கம்.

2024 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்கு நேர் எதிர். ஒரு தனியார் பள்ளியில் போலியாக என்.சி.சி. முகாம் நடத்தி, தங்க வைக்கப்பட்டிருந்த மாணவிகளிடம் அத்துமீறியதாக வழக்கு. முகாம் நடத்தியவர் மட்டும் கைதாகவில்லை. தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைத்ததாகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். ‘ஸ்கூல் பேரு கெட்டுடும்’ என்ற நினைப்பு குற்றத்துக்குத் துணை போவதாகவே சட்டத்தின் கண்ணில் படும்.

“ஆம்பளப் பையனுக்கு என்ன?”

மேலே சொன்ன சென்னை ஆய்வின் 48 சதவீதத்தை இன்னொரு தடவை பாருங்கள். பெண் பிள்ளையை இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரச் சொல்கிறோம். பையனை யாரோடும் எங்கும் அனுப்புகிறோம். ஊருக்குப் போனால் யார் பக்கத்திலும் படுக்க வைக்கிறோம். அவனுக்கு ஒன்று நடந்தால் சொல்வதற்கு அவனிடம் வார்த்தை கூட இல்லை. சொன்னால் “நீ ஏன்டா திருப்பி அடிக்கல?” என்பதுதான் முதல் கேள்வி. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்துக்கு ஆண், பெண் பேதம் கிடையாது. 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான்.

கைக்குள் இருக்கும் வாசல்

இப்போது ஆள் நேரில் வர வேண்டியதும் இல்லை. ஆன்லைன் கேமில் சக ஆட்டக்காரனாக, இன்ஸ்டாகிராமில் அதே வயதுத் தோழியாக வந்து, ஒரு போட்டோ கேட்டு வாங்கி, பிறகு அதை வைத்தே மிரட்டுகிறார்கள். இப்படி மாட்டிக்கொண்ட பிள்ளையிடம் போனைப் பிடுங்கி உடைப்பதால் ஒரு பயனும் இல்லை, ஆதாரம்தான் அழியும். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஐடியைக் குறித்து வைத்துக்கொண்டு, கேட்கிற பணத்தையும் அடுத்த படத்தையும் கொடுக்காமல் சைபர் கிரைம் போலீஸுக்குப் போங்கள். ஆனால் குழந்தையின் அந்தரங்கப் படத்தை மட்டும் ‘ஆதாரம்’ என்று யாருக்கும் அனுப்பக் கூடாது.

குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாசக் காட்சிகளைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்துவிட்டது. அப்படிப்பட்ட வீடியோ ஏதாவது குரூப்பில் வந்தால் ‘ஐயோ பாவம்’ என்று ஃபார்வேர்டு செய்பவரும் வழக்கில் சிக்குவார்.

வாய் சொல்லாததை உடம்பு சொல்லும்

திடீரென்று படுக்கையில் சிறுநீர் போவது. ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டால் ஒடுங்குவது. தூக்கத்தில் அலறுவது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், உள்ளாடையில் கறை. நன்றாகப் படித்த பிள்ளை சரிவது. வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, பொம்மையை வைத்து அப்படி விளையாடுவது. காரணம் தெரியாத புதுப் பொருள், கையில் காசு. இவற்றில் ஒன்றைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட வேண்டாம். பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்கான அறிகுறிகள் இவை. எந்த அறிகுறியும் காட்டாமல் சிரித்துக்கொண்டே வளையவரும் பிள்ளைகளும் உண்டு.

பிள்ளை சொன்ன முதல் பத்து நிமிடம்

இங்கேதான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. குழந்தை எதையும் கோர்வையாகச் சொல்லாது. பாதி சொல்லி, உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த முகம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் மீதிப் பாதி வெளியே வரும். இல்லையென்றால் பல வருஷத்துக்குப் புதைந்துவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குரலை உயர்த்தாதீர்கள். “நீ சொன்னது நல்லதாச்சு. நான் உன்னை நம்பறேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்ற மூன்று வாக்கியங்களைச் சொல்லுங்கள். “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். “இங்க தொட்டானா, அங்க தொட்டானா?” என்று வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுத்தால், நாளைக்கு கோர்ட்டில் ‘சொல்லிக் கொடுத்த சாட்சி’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். அத்தையிடம் ஒரு தடவை, பெரியப்பாவிடம் ஒரு தடவை என்று பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பிள்ளை சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

செய்யக் கூடாதவை: “ஏன் முன்னாடியே சொல்லல?”, “நீ ஏன் அங்க போனே?” இந்த இரண்டு கேள்வியும் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடும் அப்பாவைப் பார்த்தாலும் பிள்ளை, ‘நான் சொன்னதால்தான் இப்படி ஆச்சு’ என்று வாயைப் பூட்டிக்கொள்ளும்.

அடுத்த 72 மணி நேரம்

சம்பவம் இப்போதுதான் நடந்தது என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். முடிந்தால் குளிப்பாட்டாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் கட்டித் தடயம் கெடும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். குளிப்பாட்டிவிட்டோம், துணியைத் துவைத்துவிட்டோம் என்றால் ‘இனி என்ன பயன்’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். குழந்தையின் வாக்குமூலமே வலுவான சாட்சி.

அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். “முதல்ல எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க” என்று திருப்பி அனுப்ப முடியாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் ‘இரு விரல் பரிசோதனை’ கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

ஸ்டேஷனுக்குப் பயப்பட வேண்டாம்

குழந்தையைக் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டியதில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். வருபவர் முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டும். காக்கி உடுப்பில் வரக் கூடாது. இரவில் எக்காரணம் கொண்டும் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. புகார் வந்ததாக மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்த்தால் ஏற்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி, அதன் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் விஷயத்தைக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணையாக ஒரு ‘ஆதரவு நபரை’ நியமிக்கச் சொல்லி அந்தக் குழுவிடம் கேட்கலாம்.

சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறையில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. வக்கீல் குழந்தையை நேராகக் குடைய முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, நீதிபதிதான் கேட்பார். முடிந்தவரை ஒரு வருடத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது. அதனால்தான் துணைக்கு ஆள் வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமலேயே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். இலவச வக்கீலுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

பஞ்சாயத்து என்ற இரண்டாவது குற்றம்

“பொண்ணு வாழ்க்கை வீணாயிடும். நம்ம குடும்பத்துக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்.” எத்தனை பிள்ளைகளின் வாயை இந்தச் சொல் அடைத்திருக்கிறது! பேசி முடித்தவர்கள் அடுத்த தீபாவளிக்கு அதே ஆளை அதே வீட்டில் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். அந்தக் குழந்தையையே பரிமாறச் சொல்கிறார்கள்.

சமரசத்துக்கு இங்கே இடமே கிடையாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான போக்சோ வழக்கை, இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பவருக்கு ஆறு மாதம்வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டுவரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. ஊகித்து உறுதி செய்வது உங்கள் வேலை இல்லை. விசாரிப்பது போலீஸின் வேலை. குழந்தையின் பெயர், படம், பள்ளி, தெரு என அடையாளம் காட்டும் எதையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அதுவும் குற்றம்தான்.

வழக்கு முடிந்ததும் காயம் ஆறிவிடாது

தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் வேண்டும். அதே பள்ளி, அதே நண்பர்கள், அதே விளையாட்டு என்ற பழைய தினசரி வேண்டும். அதைப் ‘பாவப்பட்ட பிள்ளை’யாகப் பார்க்காத ஒரு வீடு வேண்டும். அம்மா அப்பாவுக்கும் ஆலோசனை தேவைப்படும். இதைப் படிக்கும் சிலர், தங்கள் சிறுவயதில் நடந்ததை நாற்பது வயதிலும் சுமந்துகொண்டிருக்கலாம். போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு நடந்தது என்றால், அந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு கிடையாது. புகார் வேண்டாம், மனதைப் பேசினால் போதும் என்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நடந்த பிறகு ஓடுவதைவிட

உடம்பின் எல்லா உறுப்புக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத இடத்தில் நடந்ததைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? “மாமாவுக்கு ஒரு முத்தம் குடு” என்று வற்புறுத்தாதீர்கள். பிள்ளை மாட்டேன் என்றால் மாட்டேன்தான். ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்று யார் சொன்னாலும், அதை அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். தொடுபவர் தெரிந்தவராக இருந்தாலும், ஏன், சொந்தமாகவே இருந்தாலும் சொல்லலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு அது தெரியாது.

1098 குழந்தைகளுக்கான உதவி எண். இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், குழந்தையே பேசலாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு 14417. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1929.

சமையலறையில் தினசரி காலண்டர் தொங்குமே, பால் கணக்கு எழுதுவீர்களே, அதற்குப் பக்கத்தில் 1098 என்று பெரிதாக எழுதுங்கள். பிள்ளையின் கண் உயரத்துக்கு எழுதுங்கள். எதற்கு என்று கேட்டால், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சொல்லுங்கள். இன்றைக்கே.